கொடி வெளியே, காசு உள்ளே: ‘ஈஸி ரைடர்’ படத்தில் எதைக் கோட்டை விட்டார்கள்?

இரவு. சாலையோரம் நெருப்பு எரிகிறது. பைக்கில் அமெரிக்காவைக் குறுக்கே கடந்துகொண்டிருக்கும் இரண்டு நண்பர்களில் பில்லிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஜெயிச்சாச்சு, பணக்காரனாயாச்சு, இனி ஃப்ளோரிடாவில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்கிறான். எதிரே உட்கார்ந்திருக்கும் வயட் நெருப்பைப் பார்த்தபடி, “இல்ல பில்லி, கோட்டை விட்டுட்டோம்” என்கிறான். என்ன சொல்கிறாய் என்று பில்லி விழிக்கிறான். வயட் பதில் சொல்வதில்லை. குட் நைட் சொல்லிவிட்டுப் படுத்துவிடுகிறான். விடிந்த பிறகு சாலையில் இருவரும் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள், படம் முடிகிறது.

1969 ஜூலை 14 அன்று அமெரிக்காவில் வெளியான ‘ஈஸி ரைடர்’ பற்றி இன்றுவரை நடக்கும் சண்டையில் பாதி அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான். மூலத்தில் அது ‘வி ப்ளூ இட்’. ஆங்கிலத்தில் எதை இழந்தாலும் அங்கே ஒரு ‘இட்’ போட்டே ஆக வேண்டும். அந்த ‘இட்’ எது என்றுதான் ஐம்பது வருஷத்துக்கும் மேலாகத் தேடுகிறார்கள். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. கோட்டை விட்டுட்டோம் என்றால் போதும், எதை என்பது கேட்பவன் பாடு. ஒன்று மட்டும் தமிழில் நழுவிப்போகிறது: அந்த ‘ப்ளூ’வுக்குள் வெடித்துச் சிதறடித்தோம் என்ற பொருளும் இருக்கிறது. மறுநாள் வயட்டின் பைக் பெட்ரோல் டேங்க் வெடித்துச் சிதறுவதை நினைத்தால் அது சின்ன இழப்பில்லை.

படம் எடுத்தவர்களைக் கேட்டால் தீர்ந்துவிடும் என்று தோன்றும். தீராது. இயக்கி, பில்லியாக நடித்த டென்னிஸ் ஹாப்பர் பெரும்பாலும் படத்தின் தொடக்கத்தில் வரும் கொக்கெய்ன் வியாபாரத்தைக் காட்டுவார்: குறுக்கு வழியில் வந்த பணத்தை வைத்துக்கொண்டு விடுதலை வாங்கப் பார்த்தார்கள், அதுதான் பிழை. தயாரித்து, வயட்டாக நடித்த பீட்டர் ஃபோண்டா ஒரே பதிலில் நிற்கவில்லை. திரைக்கதையில் மூன்றாவதாகப் பெயர் உள்ளவர் டெர்ரி சதர்ன். தலைப்பு அவர் தந்தது. யார் எவ்வளவு எழுதினார்கள் என்பதிலேயே மூவருக்கும் ஒத்துப்போகவில்லை. ‘ஈஸி ரைடர்’ என்பது அமெரிக்கத் தெற்கின் கொச்சை. பாலியல் தொழில் செய்யும் பெண்ணின் வருமானத்தில் உட்கார்ந்து சாப்பிடும் ஆண் என்று அர்த்தம். பைக்கில் ஜாலியாகப் போகிறவன் என்று நினைத்துக்கொண்டு இந்தத் தலைப்பை டி-ஷர்ட்டில் போட்டுக்கொள்பவர்களுக்கு இதைச் சொன்னால் முகம் மாறும். ஃபோண்டாவே ஒரு பேட்டியில் இதை விளக்கி, அமெரிக்காவில் சுதந்திரம் அந்தப் பெண்ணின் நிலைக்கு வந்துவிட்டது, நாம் எல்லோரும் அவள் சம்பாத்தியத்தில் ஓசிச் சவாரி போகிறோம் என்ற பொருளில் பேசினார்.

பேட்டிகளை ஓரமாக வைத்துவிட்டு பைக்கைப் பார்ப்பது நல்லது. குறிப்பாக அதன் பெட்ரோல் டேங்க்கை.

மெக்சிகோவில் வாங்கிய கொக்கெய்னை லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், தலைக்கு மேல் விமானங்கள் இறங்கும் இரைச்சலில், ரோல்ஸ் ராய்ஸில் வந்த ஒருவனிடம் விற்கிறார்கள். வந்த நோட்டுகளைச் சுருட்டி பிளாஸ்டிக் குழாயில் அடைத்து, அந்தக் குழாயை வயட்டின் பைக் டேங்க்குக்குள் இறக்குகிறார்கள். டேங்க்கின் வெளியே அமெரிக்கக் கொடி: நட்சத்திரமும் கோடுகளும். உள்ளே போதைப்பொருள் காசு, பெட்ரோலில் மிதக்கிறது. படத்தின் வாதம் மொத்தமும் இந்த ஒரு பொருளில் இருக்கிறது; பிறகு வரும் வசனமெல்லாம் இதற்கு அடிக்குறிப்பு.

அந்தக் காட்சியின் பின்னால் ஓடும் பாட்டைக் கவனிக்க வேண்டும். ஸ்டெப்பன்வுல்ஃப் குழுவின் ‘தி புஷர்’. ஹாய்ட் ஆக்ஸ்டன் எழுதிய அந்தப் பாட்டு, கொடிய போதைப்பொருள் விற்பவனைக் கடவுள் பெயரால் சபிக்கிறது. சாபம் ஓடும்போது நம் நாயகர்கள் காசை டேங்க்கில் திணித்துக்கொண்டிருக்கிறார்கள். அது முடிந்ததும் வயட் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி மண்ணில் எறிகிறான். அப்புறம்தான் அதே குழுவின் ‘பார்ன் டு பி வைல்ட்’ கிளம்புகிறது, பைக்குகள் சாலையில் ஏறுகின்றன, பெயர்கள் வருகின்றன. உலகம் நினைவில் வைத்திருப்பது இரண்டாவது பாட்டை மட்டும். முதல் பாட்டை வெட்டிவிட்டால் இது விடுதலைப் படம். இரண்டையும் வரிசையாகக் கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது.

பைக்கின் கட்டுமானத்துக்கு வருவோம். ஹாப்பரும் ஃபோண்டாவும் ஓட்டியவை புத்தம் புது வண்டிகள் அல்ல. போலீஸ் துறை கழித்துவிட்ட, 1949 முதல் 1952 வரையிலான ஹார்லி-டேவிட்சன் ஹைட்ரா-கிளைட் வண்டிகளை ஏலத்தில், ஒன்று ஏறக்குறைய 500 டாலருக்கு எடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு, மொத்தம் நான்கு. எஞ்சின் ‘பான்ஹெட்’, வால்வு மூடி கவிழ்த்து வைத்த வாணலி மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். கொள்ளளவு 74 கன அங்குலம், நம் கணக்கில் சுமார் 1,200 சிசி.

இதை சாப்பர் என்ற வெட்டி மாற்றிய வண்டியாக்குவது என்றால் முதலில் கழற்றுவதுதான் வேலை. சாப் என்றால் வெட்டு. முன் மட்கார்டு போகும், கனமான போலீஸ் டேங்க் போகும், முன் பிரேக்கும் போகும். பிறகு ஃபிரேமின் கழுத்தை அறுத்து, சாய்வை அதிகமாக்கி மறுபடி வெல்டிங் செய்து, ஃபோர்க் குழாய்களை நீட்ட வேண்டும். வயட்டின் ‘கேப்டன் அமெரிக்கா’ வண்டியில் நீட்டியது ஏறக்குறைய 12 அங்குலம். ஹைட்ரா-கிளைட்டுக்குக் கம்பெனியிலேயே பின் சஸ்பென்ஷன் கிடையாது. ஹார்லியின் பெரிய வண்டிகளுக்கு அது வந்தது 1958இல்தான். முன்னால் கை தூக்கிப் பிடிக்கும் ஹேண்டில்பார், பின்னால் முதுகு உயரத்துக்கு ஒரு கம்பி, நடுவே சின்ன டேங்க்.

ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்த வடிவம் நேர்ச்சாலைக்கு மட்டுமே சமர்த்து. கழுத்துச் சாய்வு கூடக்கூட வண்டி நேர்கோட்டில் பிடித்து வைத்ததுபோல் போகும். ஆனால் வளைவில் சோம்பும், மெதுவாகத் திருப்பும்போது முன்சக்கரம் தானாக ஒரு பக்கம் விழப் பார்க்கும். பிரேக் பிடித்தால் வண்டியின் எடை முன்னுக்குச் சாயும் என்பதால் நிறுத்தும் வலுவில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். அதையே கழற்றியாகிவிட்டது. பின் டிரம்மை மட்டும் நம்பினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். சின்ன டேங்க்கில் காசுக் குழாய் வேறு இடத்தை அடைத்துக்கொண்டால் அடிக்கடி பெட்ரோல் போட வேண்டும். நேராகப் போகத் தெரியும், நிற்கவும் திரும்பவும் தெரியாது. வயட்டின் குணமும் ஏறக்குறைய இதுதான்.

பெட்ரோல் போடும் ஒரு காட்சி இருக்கிறது. வழியில் ஏற்றிக்கொண்ட ஆள் ஒருவன் பங்க்கில் இறங்கி, வயட்டின் டேங்க் மூடியைத் திறந்து தானே நிரப்புகிறான். பில்லிக்கு உயிர் போகிறது. உள்ளே காசு இருக்கிறதே, பார்த்துவிடுவானே. வயட் அவனை அடக்குகிறான். சாலையில் சுதந்திரமாகப் போகிறவர்கள் இருவரில் ஒருவன் பெட்டகத்துக்குக் காவல் நிற்கும் குமாஸ்தாவாக ஆகிவிட்டான் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

அந்த ஆள் அவர்களை நியூ மெக்சிகோ மலைப்பகுதியில் உள்ள ஒரு கம்யூனுக்கு, அதாவது இளைஞர்கள் எல்லாவற்றையும் பங்கிட்டுக்கொண்டு சேர்ந்து வாழும் குடியிருப்புக்கு, கூட்டிப்போகிறான். நகரத்தை விட்டு வந்த பிள்ளைகள் வறண்ட மண்ணில் விதை தூவிக்கொண்டிருக்கிறார்கள். வெறும் மணல், ஒன்றும் முளைக்காது என்கிறான் பில்லி. முளைக்கும், இவர்கள் தேறிவிடுவார்கள் என்கிறான் வயட். எதிர்க்கலாசாரத்தை, அதாவது அன்றைய ஹிப்பிகளின் மாற்று வாழ்க்கையை, படம் கொண்டாடுகிறது என்பவர்கள் வயட்டின் வாயைப் பிடித்துக்கொள்கிறார்கள். கேலி செய்கிறது என்பவர்கள் மண்ணைக் காட்டுகிறார்கள். இரண்டு தரப்பும் கவனிக்காதது அடுத்து வரும் பேச்சு. இங்கேயே இரு, இதுதான் சரியான இடமாக இருக்கலாம், நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்கிறான் கூட வந்தவன். நேரம் பற்றி எனக்குத் தெரியும், ஆனாலும் போயாக வேண்டும் என்கிறான் வயட். கடிகாரத்தைத் தூக்கி எறிந்த ஆள். ஊர் முழுக்க இவனுக்கு நேரம் இருக்கிறது, இங்கே மட்டும் இல்லை. காரணம் நியூ ஆர்லியன்ஸில் மார்டி க்ரா திருவிழா, தேதி குறித்தாகிவிட்டது.

என்னைக் கேட்டால் கோட்டை விட்ட இடம் இதுதான். கம்யூன் சொர்க்கம் என்பதால் அல்ல. மணலில் அந்த விதை முளைத்திருக்காது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் படம் முழுக்க வயட் உண்மையாக மதிக்கும் இரண்டு இடங்களிலும் மனிதர்கள் மண்ணோடு கட்டுண்டு இருக்கிறார்கள். ஒன்று இது. மற்றது அதற்கு முன்னால் வரும் பண்ணை. அங்கே கொட்டகையில் ஒரு பக்கம் பண்ணைக்காரர் குதிரைக்கு லாடம் அடிக்கிறார், மறுபக்கம் வயட் பைக் டயரைச் சரிசெய்கிறான். இரண்டும் ஒரே சட்டகத்தில். அந்தக் குடும்பத்தோடு சாப்பிட்டுவிட்டு, உங்கள் நேரத்தில் உங்கள் வேலையைச் செய்கிறீர்கள், பெருமைப்பட வேண்டும் என்று பாராட்டுகிறான். பாராட்டிவிட்டு வண்டியைக் கிளப்புகிறான். டேங்க்கில் காசு இருக்கும்போது லாடம் அடிக்கத் தோன்றாது.

கம்யூன்காரன் விடைகொடுக்கும்போது கையில் மாயக்காட்சிகளைக் காட்டும் எல்எஸ்டி போதை மாத்திரை ஒன்றைத் தருகிறான்: சரியான இடம், சரியான ஆட்கள் அமைந்தால் நாலாக உடைத்துச் சாப்பிடு. சரியாக நாலு பேர் சேர்வது நியூ ஆர்லியன்ஸ் கல்லறைத் தோட்டத்தில். வயட், பில்லி, பாலியல் தொழில் விடுதியிலிருந்து கூட்டி வந்த இரண்டு பெண்கள். அங்கே அவர்களுக்குக் கிடைப்பது ஞானமல்ல, அழுகை.

இந்தக் கல்லறைக் காட்சி ஏன் மற்றப் பகுதிகளிலிருந்து துண்டாகத் தெரிகிறது என்பதற்கு ஒரு செய்முறைக் காரணமும் உண்டு. திருவிழா காத்திருக்காது என்பதால் 1968 பிப்ரவரியில், திரைக்கதை முழுசாகத் தயாராகும் முன்பே, 16 எம்எம் கேமராக்களோடு ஓடினார்கள். ஹாப்பர் எல்லோரிடமும் சண்டை போட்டார். பிறகுதான் ஹங்கேரியிலிருந்து வந்த ஒளிப்பதிவாளர் லாஸ்லோ கோவாச் சேர்ந்து சாலைப் பகுதிகளை 35 எம்எம்மில் எடுத்தார். ஆகவே முடிவுக்குப் பக்கத்திலுள்ள காட்சி முதலில் எடுக்கப்பட்டது. 16 எம்எம்மைப் பெரிதாக்கியதால் வரும் பொரிப்பொரியான படிமம் அங்கே மட்டும் இருக்கிறது. சிலையின் மடியில் ஏறிக்கொண்டு வயட் அம்மாவைத் திட்டி அழுவது நடிப்பு மட்டுமல்ல. ஃபோண்டாவுக்குப் பத்து வயதில் அவர் தாய் தற்கொலை செய்துகொண்டார். அதைப் பேசச் சொல்லி ஹாப்பர் வற்புறுத்தியதுதான் அந்தக் காட்சி. நடிகனின் சொந்தக் காயத்தை இப்படித் தோண்டியது சரியா என்பது தனி விவாதம். எனக்கு அது இன்றும் உறுத்தும் இடம்.

விதியை முன்கூட்டியே காட்டும் உத்தியும் படத்தொகுப்பில் இருக்கிறது. ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது நேராக வெட்டாமல், அடுத்த காட்சியின் சில ஃப்ரேம்கள், மறுபடி பழையது, மறுபடி புதியது என்று மின்னி மின்னி மாறும். விடுதியில் வயட் நிற்கும்போது ஒரு நொடி, சாலையோரம் தீ எரிவதை மேலிருந்து பார்க்கும் காட்சி வந்து மறைகிறது. முதல்முறை பார்ப்பவருக்கு அது புரியாது. அது அவனுடைய பைக். ஹாப்பரின் முதல் தொகுப்பு நாலு மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. அவரை ஊருக்கு அனுப்பிவைத்துவிட்டு, தொகுப்பாளர் டான் கேம்பர்னும் மற்றவர்களும் வெட்டி 95 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வாக்கியம் இவ்வளவு மொட்டையாக நிற்பதற்கு இந்த வெட்டும் ஒரு காரணம் என்றால் தப்பில்லை.

வழியில் சிறையில் சந்தித்து, பிறகு இருவரோடும் கூடவே வரும் குடிகார வக்கீல் ஜார்ஜ் ஹான்சனாக வருபவர் ஜாக் நிக்கல்சன். அவரைப் பெரிய நடிகராக்கியது இந்தப் பாத்திரம். இவர் நெருப்பருகே சொல்வதைத்தான் பலரும் படத்தின் கருத்தாக எடுத்துக்கொள்கிறார்கள்: ஜனங்கள் உங்களைப் பார்த்துப் பயப்படவில்லை, நீங்கள் எதன் அடையாளமோ அதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், அது சுதந்திரம். நல்ல பேச்சுதான். அதே மூச்சில் அவர் இன்னொன்றும் சொல்கிறார். சந்தையில் வாங்கி விற்கப்படுகிறவன் சுதந்திரமாக இருப்பது கஷ்டம் என்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் இருவரின் டேங்க்கில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அன்றிரவே ஊர்க்காரர்கள் அடித்துக் கொல்வது அவரைத்தான். மூவரில் சந்தைக்குப் போகாத ஒரே ஆள்.

படத்தைக் குறை சொல்பவர்களின் வாதத்தில் நியாயமும் இருக்கிறது. மூவரும் நுழையும் உணவகக் காட்சியை லூசியானாவின் மார்கன்சா ஊரில், உள்ளூர் ஆட்களையே உட்காரவைத்து எடுத்தார்கள். அவர்கள் உமிழும் வெறுப்பு நம்பும்படி இருக்கிறது. ஆனாலும் தெற்குக்காரன் என்றால் துப்பாக்கியும் வசவும் மட்டும்தான் என்ற சித்திரம் அது. பெண்களுக்கு கம்யூனிலும் விடுதியிலும் தவிர இடமில்லை. கறுப்பினத்தவர் சாலையோர வீடுகளின் வாசலில் நிற்கிறார்கள், வண்டி கடந்துவிடுகிறது. சுதந்திரம் பற்றிய படம் என்று சொல்லிக்கொண்டு 1968இல் தெற்கு வழியாகப் போய், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அதே ஆண்டில், நிறவெறியைப் பற்றிப் பேசாமல் முடி நீளத்தைப் பற்றிப் பேசியது என்ற குற்றச்சாட்டை மறுப்பது கடினம்.

அந்த நான்கு பைக்குகளின் பின்னால் இருந்தவர்கள் இரண்டு கறுப்பினத்தவர்கள் என்பது இந்தக் குற்றச்சாட்டை இன்னும் கனமாக்குகிறது. வடிவத்துக்குப் பொறுப்பு க்ளிஃப் வாஸ். கட்டிக்கொடுத்தவர் லாஸ் ஏஞ்சல்ஸின் தெற்குப் பகுதியில் பட்டறை வைத்திருந்த பென் ஹார்டி. படத்தின் பெயர்ப்பட்டியலில் இருவரும் இல்லை; வெளியே தெரிய பல பத்தாண்டுகள் ஆயின. வாஸ் சிவில் உரிமை இயக்கத்தில், எஸ்என்சிசி என்ற மாணவர் அமைப்பில் இருந்தவர். அறுபதுகளில் அலபாமா சாலைகளில் சாப்பர் ஓட்டிப் போயிருக்கிறார், வெள்ளை நில உடைமையாளன் எவனாவது துப்பாக்கியோடு துரத்துவானா என்ற பயத்தோடு. படத்தின் முடிவு ஒரு கற்பனைப் பயம் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். அந்தச் சாலை அனுபவம் ஒரு கறுப்பினத்தவருடையது. திரையில் அது இரண்டு வெள்ளையர்களுக்கு நடக்கிறது.

முடிவுக் காட்சியில் கொடி இரண்டு இடத்தில் வருகிறது. பிக்கப் டிரக்கில் வரும் இருவர் முடியைக் கேலி செய்து துப்பாக்கியை நீட்டுகிறார்கள், பில்லி விரலைக் காட்டுகிறான், குண்டு பாய்கிறது. வயட் திரும்பி வந்து, முதுகில் கொடி தைத்த தன் தோல் ஜாக்கெட்டைக் கழற்றி அவன்மேல் போர்த்துகிறான். வியட்நாமிலிருந்து கொடி போர்த்திய பெட்டிகள் வந்துகொண்டிருந்த காலம் அது. பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. உதவி தேடி அவன் விரையும்போது அதே டிரக் எதிரே வந்து அவனையும் சுடுகிறது. வண்டி தனியே பறந்து சிதறி எரிகிறது. துப்பாக்கிச் சூட்டில் பெட்ரோல் டேங்க் அப்படி வெடிக்காது என்று எந்த மெக்கானிக்கும் சொல்வார். பெட்ரோல் ஆவி காற்றோடு சரியான அளவில் கலந்திருக்க வேண்டும், தீப்பொறியும் வேண்டும். இங்கே வெடித்தே ஆக வேண்டும், ஏனென்றால் கொடியும் காசும் சேர்ந்து எரிய வேண்டும். கேமரா மேலே எழும்புகிறது, பக்கத்தில் ஆறு ஓடுகிறது. நாம் விடுதியில் ஒரு நொடி பார்த்த காட்சி.

4 லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் எடுத்த படம் உலகம் முழுக்க சுமார் 6 கோடி டாலர் வசூலித்தது. கான் திரைப்பட விழாவில் ஹாப்பருக்கு முதல் பட விருது கிடைத்தது. வெளியான மறுமாதம் வுட்ஸ்டாக் இசை விழா, அதே மாதம் சார்ல்ஸ் மேன்சன் என்பவனின் கும்பல் செய்த கொலைகள், டிசம்பரில் ஆல்டமான்ட் ராக் கச்சேரியில் கத்திக்குத்து. அந்த வாக்கியத்தை ஒரு தலைமுறையின் ஒப்புதல் வாக்குமூலமாகப் படிக்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது. படத்தில் அது இருப்பதாக நான் நினைக்கவில்லை, காலம் அதை அங்கே வைத்தது.

பைக்குகளுக்கு என்ன ஆயிற்று என்றால், மூன்று படப்பிடிப்பு முடியும் முன்பே திருடு போயின. எரிந்துபோன கேப்டன் அமெரிக்காவிலிருந்து மீட்டுக் கட்டியது என்று சொல்லப்பட்ட ஒன்று 2014இல் 13.5 லட்சம் டாலருக்கு ஏலம் கேட்கப்பட்டது. அசல்தானா என்ற தகராறு ஏலத்துக்கு முன்பே கிளம்பிவிட்டது. ஹார்லி கம்பெனி 1971இல் சூப்பர் கிளைட் என்ற மாடலை இறக்கியது: பட்டறைச் சாப்பர் போலவே தோற்றம், ஒல்லியான முன் ஃபோர்க், வேண்டுமென்றால் சிவப்பு வெள்ளை நீல வண்ணம். ஆனால் முன் பிரேக் உண்டு, பின் சஸ்பென்ஷனும் உண்டு. பின்புறம் படகின் பின்பகுதி போல ஃபைபர் கிளாஸில் ஒரு வால் வைத்தார்கள். வாங்கியவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. கழற்றிவிட்டு வேறு மட்கார்டும் சீட்டும் மாட்டிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு மாடலில் கம்பெனியே அந்த வாலை எடுத்துவிட்டது.